உன் தாளில் இல்லாத கட்டம்

போடிநாயக்கனூர்
அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சூர்யகலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உண்டு உறங்கி எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அளவுக்குக் குறை ஒன்றுமில்லை. நீயும் அந்தச் சண்டிகரில் ரொட்டியோ சோறோ வயிறு நிறையச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் மனசு ஆறும். உன் தம்பி அருண்பாண்டி கோயம்புத்தூரிலிருந்து ஆயுத பூஜைக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான், ஜீப்பைக் கழுவி அவனே பொட்டு வைத்தான், தீபாவளிக்குப் பட்டறையில் லீவு கொடுப்பது சந்தேகம்தானாம். நீயும் வரப்போவதில்லை, ஆக இந்தத் தீபாவளிக்கு நானும் அம்மாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு பலகாரம் தின்ன வேண்டியதுதான். மழை பிடித்துக்கொண்டது. போடிமெட்டு ரோட்டில் இரண்டு இடத்தில் கல் உருண்டு கிடக்கிறது. தேவாரம் பக்கம் யானை இறங்கி மக்காச்சோளத்தை மிதித்துவிட்டது என்று நேற்று பேசிக்கொண்டார்கள்.

போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் எனக்குக் கோபம்தான் முன்னால் வந்து நிற்கிறது. போன மாதம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று வைத்துவிட்டேன், அதற்கு இதுவரை ஒரு வார்த்தை நான் வருத்தம் சொல்லவில்லை. எழுதினால் நடுவில் நான் கத்த முடியாது, நீயும் குறுக்கே பேச முடியாது. நீ அன்றைக்குச் சொன்னதை நான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேன் தாயி. படிப்பு முடிய இன்னும் ஒரு இன்டர்ன்ஷிப்தான் பாக்கி, பத்து வாரம் ஏதாவது ஓர் இடத்தில் இருந்து வேலை பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும், டெல்லியில் பெரிய ஆபீஸ் ஒன்றில் நாற்காலி போட்டுக் கூப்பிடுகிறார்கள், ஆனால் நீ நம் ஊருக்கே வந்து, இங்கிருந்து ஜீப்பில் அடைந்துகொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கு அந்தப் பயணத்தால் உடம்பில் என்ன ஆகிறது என்று பார்க்கப்போகிறாய். எந்த இடம், என்ன விஷயம், அங்கே யார் பொறுப்பு என்று முப்பத்தொன்றாம் தேதிக்குள் பாரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாய். நான் இங்கே வரவே வராதே என்று சொன்னேன். உன் மேல் அக்கறையால் சொன்னதாக அம்மாவிடம் பேசினேன், அது பொய். என் வண்டியில் சட்டத்தை மீறிப் பதினாலு பேரை ஏற்றுகிறேன். என் மகளே வந்து தலையை எண்ணி எழுதினால் நாளைக்குச் செக்போஸ்டில் முதலில் என்னைத்தான் இறக்குவார்கள் என்று பயந்தேன்.

நீ விடவில்லை. கேள்வித்தாளைப் போனில் அனுப்பி, நம் பெண்களுக்கு இந்தத் தமிழ் விளங்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள் அப்பா என்று கேட்டாய். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அதைக் காகிதத்தில் எடுத்தேன். அசௌகரியம் என்று ஓர் இடத்தில் போட்டிருக்கிறாய், என் வண்டியில் தோட்டத்துக்கு வருகிற முனியாயியிடம் கேட்டால் அது எந்தப் பக்கத்து ஊர் என்பாள். பதினோராம் கேள்வியில் வாந்தி வருகிறதா என்று கேட்டு, மேலே போகும்போது என்று ஒரு கட்டம், கீழே வரும்போது என்று ஒரு கட்டம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏறினாலும் பதினேழு வளைவு, இறங்கினாலும் அதே பதினேழு வளைவு, இதற்கு எதற்கு இரண்டு கட்டம், படித்தவர்களுக்கு வேறு சோலி இல்லை என்று நினைத்தேன். உன் மூக்கை உடைக்க வேண்டும் என்கிற வீம்பில் ட்ரிப் நோட்டில் நடுவே கோடு கிழித்து, போகும் பக்கம் வரும் பக்கம் என்று பிரித்து, யாராவது வாந்தி எடுத்தால் ஒரு கோடு போட ஆரம்பித்தேன். சாயங்காலம் வண்டியைக் கழுவுகிறவன் நான், எனக்குத் தெரியாமல் யாரும் வாந்தி எடுத்துவிட முடியாது.

இருபத்துநாலு நாள் போட்டேன். போகும் பக்கத்தில் ஒரு கோடு கூட விழவில்லை ஆத்தா. வரும் பக்கத்தில் நாற்பத்தொன்று. அதுவும் எல்லா நாளும் கிடையாது, சேர்ந்தாற்போல் மூன்று நாள் விழும், பிறகு ஒரு வாரம் ஒன்றும் இருக்காது, மறுபடியும் மூன்று நாள். இறங்கும்போது வேகம் கூடுகிறதோ என்று இரண்டாம் கியரிலேயே இறக்கிப் பார்த்தேன், கிளட்ச் தேய்ந்ததுதான் மிச்சம். வெறும் வயிறோ என்று பார்த்தால் மத்தியானம் எல்லாரும் சோறு தின்றிருக்கிறார்கள். கடைசியில் ஒருநாள் போடிமெட்டு டீக்கடையில் கன்னையனைப் பிடித்தேன். அவன் நம் பெண்கள் வேலைக்குப் போகும் தோட்டத்தில் பூச்சி மருந்தடிக்கிற ஆட்களுக்குத் தலை. எந்தெந்தத் தேதியில் மருந்தடித்தாய் என்று கேட்டேன். அவன் சட்டைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்துச் சொல்லச் சொல்ல, நான் என் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மருந்தடித்த நாள், மறுநாள், அதற்கடுத்த நாள், என் கோடெல்லாம் அங்கேதான் விழுந்து கிடந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

ஏலக்காய் தரையை ஒட்டித்தான் காய்க்கும் என்பது உனக்குத் தெரியும். செடிக்கு அடியில் குத்தவைத்து, இலையை விலக்கித் தலையை உள்ளே விட்டுத்தான் பழம் எடுக்க வேண்டும். மேலே அடித்த மருந்து இலை வழியாகச் சொட்டி முதுகு, தலை, முந்தானை எல்லாம் ஊறிப்போகும். அந்தக் கையோடுதான் தூக்குவாளியைத் திறந்து சாப்பிடுகிறார்கள். கன்னையன், "கொழப்பமில்லண்ணே, ரெண்டு நாள் விட்டா காஞ்சிரும், ஆனா பழம் பழுத்துக் கெடக்கு வெரசா எறக்குன்னு மேல இருந்து சொல்றாக, நான் என்ன செய்ய" என்றான். அவன் கண் இரண்டும் சிவந்து எந்நேரமும் நீர் வடிகிறது. கேட்டால் மலைப் பனி என்கிறான். அவனுக்குப் பனி, எங்களுக்கு வளைவு. இருபத்திரண்டு வருஷமாக இந்த ரோட்டில் நான் இதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். புதிதாக ஒருத்தி ஏறி வாந்தி எடுத்தால், "வளைவு ஒத்துக்கல ஆத்தா, ஒரு வாரம் போனா பழகிரும், கண்ண மூடிக்க" என்பேன். அவளும் நம்புவாள். ஸ்டியரிங் பிடிக்கிறவன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்.

இதில் ஒரு பெரிய பாவம் இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. முனியாயியின் மருமகள் ரேணுகாவை உனக்குத் தெரியாது, போன தை மாதம் கல்யாணமாகி வந்த பிள்ளை, மாமியாரும் மருமகளும் என் வண்டியில்தான் போய் வந்தார்கள். ஆனி மாதத்தில் ஒருநாள் இறங்கும்போது நாலாவது வளைவில் வாந்தி எடுத்தாள். கல்யாணமான பிள்ளை என்பதால் வளைவைச் சொல்லாமல், முனியாயிக்குப் பேரன் வரப்போகிறான் என்று முதலில் வாயைத் திறந்தவன் நான்தான். வண்டியே சிரித்தது. அடிவாரத்து ஊரான முந்தலில் நிறுத்தி நானே எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன். முனியாயி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஒன்றும் இல்லை. பத்து நாள் கழித்து மறுபடியும் வாந்தி, மறுபடியும் ஆசை, மறுபடியும் இல்லை. மூன்றாம் தடவை வண்டிக்குள்ளேயே முனியாயி, "வேலைக்குப் போகாம உக்காந்து திங்க நடிக்கிறா" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தது. ஆவணியில் தேவாரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனது, இன்னும் வரவில்லை, இவர்களும் கூப்பிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் தேவாரத்துக்குப் போனேன். நோட்டைக் காட்டி, உன்னை வாந்தி எடுக்க வைத்தது மருந்தாக இருக்கும் போலிருக்கிறது, நான்தான் தெரியாமல் வாயை விட்டேன் என்று சொன்னேன். அது ரொம்ப நேரம் அந்தக் கோடுகளைத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு, "அப்ப நான் நடிக்கலன்னு எங்க அத்தைகிட்ட நீங்க வந்து சொல்லுவீகளா சித்தப்பா" என்று கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. நேராகத் திரும்பி வந்து முனியாயி வீட்டு வாசலில் நின்று சொன்னேன். "வளைவுன்னு சொன்னதும் நீதான், புள்ளன்னு சொன்னதும் நீதான், இப்ப மருந்துங்கிற. இதுல எத நான் நம்ப" என்றாள். அவள் மேல் குற்றமே சொல்ல முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், வராதே என்று சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ வர வேண்டும். ஆனால் அந்தத் தாளோடு வராதே. வாந்திக்குக் காரணம் என்று நீ நாலு கட்டம் போட்டிருக்கிறாய், வளைவு, நெரிசல், வேகம், டீசல் புகை. மருந்து என்று ஒரு கட்டம் இல்லை. தினமும் அந்த வண்டியை ஓட்டுகிற எனக்கே இப்போதுதான் தெரிகிறது, உன்னைக் குறை சொல்லவில்லை. சின்ன வயதில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த பிள்ளை நீ, எங்கள் வாயிலிருந்துதானே அந்த வளைவு உன் தாளுக்குப் போனது. அதே சமயம் என் நோட்டை அப்படியே நம்பிவிடாதே. நான் டிரைவர், தப்பாகவும் போட்டிருக்கலாம், நாற்பத்தொரு கோட்டில் இரண்டு மூன்று உண்மையிலேயே வளைவாகவும் இருக்கலாம். ரத்தத்தில் பார்த்தால் தெரியும் என்று சொல்கிறார்கள், அதையெல்லாம் உன் வாத்தியாரிடம் கேட்டுச் செய். இன்னொன்று, ஜனவரி பிப்ரவரி என்று எழுதியிருந்தாய். அப்போது பழம் எடுப்பு முடிகிற நேரம், மருந்தடிப்பும் குறைவு. அந்த மாதத்தில் வந்து பார்த்தால் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் எழுதிவிட்டுப் போவாய். மார்ச்சு ஏப்ரலில் வா, கன்னையன் அப்போதுதான் ஓயாமல் அடிப்பான், பெண்களும் களையெடுக்க அதே செடிக்கு அடியில்தான் கிடப்பார்கள். வண்டிக்குள் வைத்து யாரிடமும் கேட்காதே, ஒருத்தி சொன்னதையே எல்லாரும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற இடத்தில் தனித்தனியாகக் கேள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போகாதே, கம்பெனி ஆள் என்று நினைத்து வாயைத் திறக்கமாட்டார்கள்.

தோட்டத்திலிருந்து ஒரு கையெழுத்து வேண்டும் என்றாயே, அதற்கும் போய்வந்தேன். மேனேஜர் நல்லவிதமாகத்தான் உட்காரச் சொன்னார். மருந்து என்கிற வார்த்தையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "தவசி, ஜீப்பு ஓட்டுற வேலைய மட்டும் பாரு" என்றார். மறுநாளே ஆள் சொல்லி அனுப்பிவிட்டார்கள், ஒன்றாம் தேதியிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு வேறு ஜீப். நீ இதற்காக அழக்கூடாது, உன்னால் போனது என்றும் நினைக்கக்கூடாது. குரங்கணிக்குக் காப்பி லோடு இருக்கிறது, வண்டியும் என் கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. தோட்டம் இல்லாவிட்டால் பொறுப்புக்கு வேறு யார் என்று யோசித்து, மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். நோட்டை வாங்கி இரண்டு தடவை புரட்டினார்கள். இங்கே வந்து தலைசுற்றல் என்று சொல்கிற பெண்களெல்லாம் பஸ்சு ஒத்துக்கவில்லை, ஜீப் ஒத்துக்கவில்லை என்றே சொல்கிறார்கள், நானும் அதைத்தான் சீட்டில் எழுதியிருக்கிறேன் என்றார்கள். உன்னைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதாக முத்திரை வைத்துக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். மேலே யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் அதில் எழுதியிருக்கிறார்கள். அது இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது, ஜாக்கிரதையாகப் பிரி.

டெல்லிக்குப் போனால் உனக்கு நல்ல வேலை கிடைக்கும் என்று எனக்கும் தெரியும். இங்கே வந்தால் நாலு பேர் உன்னை ஏசுவார்கள், கூலிக்கு உலை வைக்க வந்தவள் என்பார்கள், அதில் நம் சொந்தக்காரர்களும் இருப்பார்கள். நீ டெல்லி என்று முடிவு செய்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் மாட்டேன். முடிவு உன்னுடையது. ஆனால் முடிவு செய்யும் முன்னால் ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும், அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்த நாற்பத்தொரு கோட்டில் ஒன்பது கோடு உன் அம்மாவுடையது. மற்ற பெண்களோடு பழம் எடுக்கப் போகிற அவளுக்கு மூன்று வருஷமாக இது இருக்கிறது. உன் படிப்பு கெட்டுவிடும், சொல்லக்கூடாது என்று என் தலையில் சத்தியம் வாங்கியிருந்தாள், இன்றைக்கு மீறிவிட்டேன். இப்போது ஊசியில் நூல் கோக்க விரல் நிற்பதில்லை அவளுக்கு. நேற்று சாயங்காலம் நோட்டை அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வளைவு இல்லை சுந்தரம், மருந்து, இனிமேல் நீ மலைக்குப் போக வேண்டாம் என்றேன். அவள் திடுக்கிடவே இல்லை. அரிசியைப் புடைத்துக்கொண்டே, தனக்கு முன்னமே தெரியும் என்றாள். "உங்க அக்கா மக கல்யாணத்துக்குப் பூப்பாறை போனோமே, அதே வளைவுதான, ஏறி எறங்கினேன், ஒரு ஏப்பம் கூட வரல. அன்னைக்கே தெரியும்" என்றாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கத்தினேன். மருந்தென்று சொன்னால் பதினாலு வீட்டிலும் வேலைக்குப் போகாதே என்பார்கள், வளைவென்று சொன்னால் காலையில் எழுந்து ஏறிவிடுவார்கள், நீங்கள் சொன்னது வசதியாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன் என்றாள். அப்புறம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள் தாயி. கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "ரேணுகாவப் பாத்து எல்லாரும் சிரிச்சப்ப தெரிஞ்சிக்கிட்டே நானும் சிரிச்சேன், அந்த அல்வாவத் தின்னேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உனக்கு ஒரு சேதி சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "இத்தன வருஷத்துல எங்கள யாரும் கேக்கல. கேக்க ஒருத்தி வரட்டும், ரேணுகாவையும் முனியாயியையும் பக்கத்துல வச்சுக்கிட்டு மொத ஆளா நான் சொல்றேன். எம் பேர மறைக்காம எழுதச் சொல்லுங்க."

நீ எங்கே இருந்தாலும் நம் குலசாமி கூடவே இருக்கட்டும், நீ எழுதுகிற எழுத்து யாரையும் கெடுக்காமல் நாலு பேருக்கு உதவட்டும், நோய் நொடி இல்லாமல் இரு. காதில் பஞ்சு வைக்காமல் வெளியே போகாதே. பாரத்தில் ஜனவரியை அடித்துவிட்டு மார்ச்சு என்று எழுது, முப்பத்தொன்றாம் தேதி வரை இழுக்காதே. தாளைப் புதிதாக அடித்ததும் எனக்கு ஒன்று அனுப்பு, அசௌகரியத்தை நானே மாற்றித் தருகிறேன். போனில் அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி நீயாக ஒன்றும் கேட்காதே, அவளே சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. தவசி